சிப்பாய் பிறப்பதில்லை: போர்ப் பயிற்சியும் தமிழ் எழுத்தும் – ஒரு நோக்கு

1

போரைப் பாடுதல் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் புறத்திணைக்கெனத் தனி இயல் ஒன்றை வகுத்தார். புறநானூற்றுப் புலவர்கள் களத்தில் வென்றவனையும் வீழ்ந்தவனையும் பாடினர். சயங்கொண்டார் கலிங்கப் போரைப் பரணியாக்கினார். நமது நாட்டிலும் 1980களில் மூண்ட போர் கவிதை, சிறுகதை, நாவல், நினைவுக்குறிப்பு எனப் பல வடிவங்களில் எழுதப்பட்டு வந்துள்ளது. இத்துணை நீண்ட மரபில் ஒரு கேள்வி மட்டும் அரிதாகவே எழுப்பப்பட்டிருக்கிறது. களத்தில் நிற்பவன் அங்கு வந்து சேருமுன் யாராக இருந்தான், எவரால், எம்முறையால் சிப்பாயாக ஆக்கப்பட்டான் என்பதே அக்கேள்வி.

போர் இலக்கியம் பற்றிய நமது விமர்சனங்களும் களத்தையும் மரணத்தையும் அகதி வாழ்வையும் பற்றியே பெரிதும் பேசின. பயிற்சி முகாம் என்பது கதைக்கு முந்திய ஒரு சிறு கட்டமாகவே கொள்ளப்பட்டது. இது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு மனிதன் பிறிதொரு மனிதனைக் கொல்லக்கூடியவனாக மாறும் இடம் போர்க்களமன்று. பயிற்சி முகாமே அவ்விடம். களத்தில் நிகழ்வது அம்மாற்றத்தின் விளைவு மாத்திரமே. எனவே பயிற்சியைச் சொல்லாது விடும் இலக்கியம், அறிந்தோ அறியாமலோ, வீரம் பிறவிக் குணம் என்ற பழைய நம்பிக்கைக்குத் துணை போகிறது. இதனைப் பழந்தமிழ்ப் பாடல்கள் சிலவற்றையும், கல்முனைக் கவிஞர் ஒருவரின் படிமம் ஒன்றையும், பிறநாட்டு மரைன் படையினர் பற்றிய எழுத்துக்களையும், ஈழத்துப் பயிற்சி முகாம் நாவல்களையும் ஒருங்கு வைத்து நோக்கலாம்.

2

புறநானூற்றின் 279ஆம் பாடல் ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. தந்தையைப் போரில் இழந்து, கணவனையும் இழந்த ஒரு பெண், போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனை அழைத்து, தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்துக் களம் நோக்கி அனுப்புகிறாள். மறக்குடி மகளிரின் துணிவுக்குச் சான்றாக இப்பாடலை நாம் பாடசாலை நாள் முதலே படித்து வந்துள்ளோம். ஆயினும் ஒரு சிறு கேள்வி எஞ்சி நிற்கிறது. தலைவாரி அனுப்பப்படும் வயதிலுள்ள அச்சிறுவனுக்கு வேல் பிடிக்கக் கற்பித்தவர் யார்? பாடல் அதனைச் சொல்லவில்லை. தாய் வேலைக் கொடுத்த அக்கணத்திலேயே அவன் வீரனாகிவிடுகிறான்.

காவற்பெண்டு பாடிய 86ஆம் பாடல் இதனை மேலும் தெளிவாக்குகிறது. மகன் எங்கே என்று கேட்டவளுக்குத் தாய் தன் வயிற்றைக் காட்டி, இது புலி இருந்து சென்ற குகை என்கிறாள். வீரன் கருவிலேயே வீரன். பிறந்த பின்னர் அவனை ஆக்க வேண்டிய தேவை இல்லை. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய 278ஆம் பாடலில், மகன் புறங்காட்டியிருப்பின் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுப்பேன் எனச் சூளுரைக்கும் தாயின் கூற்றுக்குப் பின்னாலும் இதே எண்ணம் இருக்கிறது. மகனுடைய அச்சம் பயிற்சியின் குறையாகக் கருதப்படவில்லை. பாலின் குறையாகவே கருதப்பட்டது.

பொன்முடியாரின் 312ஆம் பாடலையும் இங்கு மறத்தலாகாது. மகனைப் பெற்று வளர்த்தல் தாய்க்கும், அவனைச் சான்றோன் ஆக்குதல் தந்தைக்கும், வேல் வடித்துத் தருதல் கொல்லனுக்கும், நன்னெறியில் ஒழுகச் செய்தல் வேந்தனுக்கும், களிற்றை வென்று மீளுதல் மகனுக்கும் கடனாக அங்கு வகுக்கப்படுகின்றன. சங்கச் செய்யுட்களில் சான்றோன் என்ற சொல் வீரனைக் குறித்து வழங்கியமை பற்றிப் பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளிவந்த தமது வீரயுகப் பாடல் ஆய்வில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அப்பொருளே கொள்ளினும், வீரனை ஆக்கும் பணி தந்தையின் கடன் என ஒரு தொடரில் சொல்லி முடிக்கப்படுகிறது. எவ்வாறு ஆக்கினான், ஆக்கும்போது அச்சிறுவன் அழுதானா, மறுத்தானா என்பன பாடலின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

இப்பாடல்களில் பேசுவோர் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. தாய் பேசுகிறாள், புலவர் பேசுகிறார். வேந்தன் வஞ்சினம் கூறும்போது தன்மையில் பேசுகிறான். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் 72ஆம் பாடல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆனால் சாதாரணப் படைவீரன் பெரும்பாலும் படர்க்கையிலேயே நிற்கிறான். அவனைப் பற்றிப் பிறர் பேசுகின்றனர். ‘நான் பயந்தேன்’ என்று சொல்லும் இடம் அவனுக்கு வாய்க்கவில்லை. இந்த இலக்கணக் குறிப்பைப் பின்னர் மீண்டும் எடுத்துக் கொள்வோம்.

3

இம்மரபின் பின்னணியில் சோலைக்கிளியின் ‘தொப்பி சப்பாத்துச் சிசு’ என்ற கவிதையை வைத்துப் பார்ப்போம். கல்முனையைச் சேர்ந்த இக்கவிஞர் ‘நானும் ஒரு பூனை’, ‘எட்டாவது நரகம்’, ‘காகம் கலைத்த கனவு’ ஆகிய தொகுதிகளால் ஈழத்துக் கவிதையில் தமக்கெனத் தனி இடம் பெற்றவர். போர்ச்சூழலில் எழுந்த இக்கவிதையின் மையப் படிமம், படைத் தொப்பியும் சப்பாத்துமாகவே தாயின் வயிற்றிலிருந்து வெளிவரப்போகும் குழந்தை. வன்முறைக்கு எதிரான குரல் என்றும், படிம ஆற்றலுக்கு எடுத்துக்காட்டு என்றும் இதனைப் பலர் பாராட்டியுள்ளனர். அப்பாராட்டு தகும். ஆயின் அக்கவிதை செய்யும் வேறொரு காரியமும் உண்டு.

காவற்பெண்டின் புலிக்குகையைச் சோலைக்கிளி அப்படியே எடுத்துக் கொள்கிறார். ஆனால் பெருமையை அகற்றிவிடுகிறார். வீரன் கருவிலேயே வீரன் எனில், அவன் சப்பாத்துடனேயே பிறக்கட்டும் என்கிறது இப்படிமம். பழம்பாடல் பெருமிதமாகச் சொன்னதை இக்கவிதை சொல்லளவில் மெய்யாக்கிக் காட்ட, அது அச்சமூட்டும் காட்சியாகிவிடுகிறது. அச்சிசுவிடம் எல்லாம் இருக்கின்றன; இல்லாதது ஒன்றே ஒன்று. அது முன்பு யாராக இருந்தது என்ற நினைவு. பயிற்சி பெற்ற சிப்பாய்க்கு ஓர் ஊரும் உம்மா வைத்த பெயரும் பழைய நடையும் இருந்திருக்கும். பயிற்சியே தேவைப்படாத சிப்பாய்க்குத் திரும்பிச் செல்ல இடமில்லை. கவிதையின் கொடூரம் ஆயுதத்தில் இல்லை. இந்த ‘முன்பு’ இல்லாமையிலேயே இருக்கிறது.

தலைப்பின் மூன்று சொற்களையும் கல்முனைக் கரையில் வாழ்பவன் சற்று வேறாகவே கேட்பான். இக்கரையின் முஸ்லிம் ஊர்களில் ‘தொப்பி’ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஓதப் போகும் சிறுவனின் தலையிலுள்ள வெண்தொப்பி. பிள்ளையின் தலையில் முதலில் ஏறுவது அதுவே. அதே சொல் படைத்தொப்பியாக மாறும்போது, வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து சேர்ந்ததாகத் தோன்றவில்லை. வீட்டிலிருந்த பொருளே இடம் மாறியதாகத் தோன்றுகிறது. ‘சப்பாத்து’ அதற்கு நேர்மாறானது. வெறுங்காலுடனும் செருப்புடனும் மணலில் நடக்கும் மீனவ ஊருக்கு அது அந்நியமான பொருள். பாடசாலைக்கும் கந்தோருக்கும் உரியது. பின்னர் இராணுவத்துக்கு உரியதாயிற்று. மூன்றாவது சொல் ‘சிசு’. நமது வீடுகளில் எவரும் பிள்ளையைச் சிசு என்பதில்லை, ‘புள்ள’ என்பர். சிசு என்பது வைத்தியசாலையின் பதிவேட்டுக்குரிய சொல். தாயின் சொல் நீங்கி நிறுவனத்தின் சொல் வந்து நிற்கிறது. படைக்கு ஆள் எடுக்கும்போது நடப்பதும் இதுவே.

4

பயிற்சி பற்றி விரிவாக எழுதியோர் பிறமொழியினரே. அவர்களுள் மரைன் எனப்படும் படையினர் பற்றிய எழுத்துக்கள் நமக்குச் சிறப்பாகப் பயன்படுவன. கப்பலிற் சென்று, கரையில் இறங்கிப் போரிடப் பயிற்றப்பட்டவர்கள் மரைன்கள். பிரித்தானியாவில் இப்படையின் தொடக்கம் 1664. ஐக்கிய அமெரிக்காவில் 1775. இலங்கைக் கடற்படையும் 2016இல் அமெரிக்க மரைன்களின் பயிற்சி உதவியுடன் தனக்கென ஒரு மரைன் பிரிவை உருவாக்கத் தொடங்கியது.

பெயர் புதிதாயினும் கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடுதல் இந்நாட்டுக்குப் புதியதன்று. 1991 யூலையில், ஆனையிறவு முகாமை மீட்க வந்த அரச படை வெற்றிலைக்கேணிக் கரையில் இறங்கியது. 2000 மார்ச்சில், அதே ஆனையிறவைக் கைப்பற்ற முனைந்த விடுதலைப் புலிகள் குடாரப்புக் கரையில் இறங்கினர். இரண்டும் வடமராட்சி கிழக்குக் கரையோரத்தின் மீனவ ஊர்கள். கரைவலை இழுப்பவனுக்குக் கரை என்பது ‘பாடு’. அவனுக்கும் அவன் சந்ததிக்கும் உரிய தொழில் இடம். கரையிறங்கும் படையினனுக்கு அதே மணல், மறைவின்றி ஓடிக் கடக்க வேண்டிய சில நூறு யார் வெளி. கடலை அறிந்த ஒருவன் அப்படையிற் சேர்ந்தால், அவனுக்குக் கற்பிக்கப்படுவது நீச்சலன்று. கரையை வேறொரு கண்ணால் பார்க்கும் பழக்கமே.

இந்தக் கண் மாற்றம் எவ்வாறு நிகழ்த்தப்படுகிறது என்பதை அமெரிக்க மரைன்களின் பயிற்சி முறை வெளிப்படையாகக் காட்டுகிறது. தென் கரோலினாவிலுள்ள பெரிஸ் ஐலண்ட், கலிபோர்னியாவிலுள்ள சன் டியேகோ ஆகிய இரு தளங்களில் ஏறத்தாழ 13 வாரங்கள் ஆரம்பப் பயிற்சி நடைபெறுகிறது. வந்தவுடன் தலைமயிர் மழிக்கப்படும். கொண்டுவந்த உடை அகற்றப்படும். இவற்றைக் காட்டிலும் நமது கவனத்துக்குரியது ஒரு மொழி விதி. பயிற்சி பெறுவோன் ‘நான்’ என்று சொல்லலாகாது. தன்னைக் குறிக்கவும் ‘இந்தப் பயிற்சியாள்’ என்றே சொல்ல வேண்டும். இலக்கண நூலார் மொழியிற் கூறின், அவனிடமிருந்து தன்மை ஒருமை பறிக்கப்படுகிறது. தன்னைத் தானே படர்க்கையில் வைத்துப் பேசப் பழக்கப்படுகிறான்.

அவனை நோக்கிப் பேசப்படும் மொழியோ முழுவதும் ஏவல். தமிழில் ஏவல் ஒருமை எவ்வாறு அமைகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். நட, நில், ஓடு, சுடு என, விகுதி வெளிப்படாத வினைப்பகுதியே ஏவலாக நிற்கிறது. ‘நடந்தேன்’ என்ற சொல்லில் நேற்று இருக்கிறது, நான் இருக்கிறேன். ‘நட’ என்பதில் இவ்விரண்டும் இல்லை. பயிற்சி முகாமின் மொழி எந்த நாட்டிலும் எந்த இயக்கத்திலும் இந்த அமைப்பையே கொண்டிருக்கும் என்று கருத இடமுண்டு.

குஸ்தாவ் ஹாஸ்ஃபோர்ட் வியற்நாம் போரில் மரைனாகப் பணியாற்றியவர். அவர் 1979இல் வெளியிட்ட ‘த ஷோர்ட் டைமர்ஸ்’ என்ற நாவலின் முதற்பகுதி பெரிஸ் ஐலண்ட் பயிற்சியைச் சொல்வது. அதனைத் தழுவி ஸ்ரான்லி குப்ரிக் 1987இல் ‘ஃபுல் மெற்றல் ஜக்கற்’ என்ற திரைப்படத்தை எடுத்தார். பயிற்சியளிக்கும் சார்ஜன்ட், வந்தவர்களுக்குப் புதிய பெயர்களைச் சூட்டுகிறார். அவமானப்படுத்தப்பட்ட ஒருவன் நல்ல குறிகாரனாக மாறி, இறுதியில் சார்ஜன்டையும் தன்னையும் சுட்டுக்கொள்கிறான். பயிற்சி தோற்றதால் அவன் கொல்லவில்லை. அது முற்றுப்பெற்றதாலேயே கொன்றான் என்பது படத்தின் கசப்பான தர்க்கம்.

இது வெறுங்கற்பனை என்று ஒதுக்குவோர் 1956 ஏப்ரல் 8ஆம் திகதி நிகழ்ந்ததை அறிதல் வேண்டும். அன்றிரவு பெரிஸ் ஐலண்டில் பயிற்சியாளர் ஒருவர், ஒழுங்கு கற்பிக்கும் நோக்குடன், தம் அணியினரை வற்றுப்பெருக்குள்ள ரிபன் கிறீக் என்னும் ஓடையினுள் இறங்கி நடக்கச் செய்தார். நீந்தத் தெரியாதோர் அவ்வணியில் இருந்தனர். ஆறு இளைஞர் மூழ்கி இறந்தனர். போருக்குச் செல்லாமலே, பகைவன் எவனையும் காணாமலே அவர்கள் மாண்டனர். ‘இறங்கு’ என்ற ஏவலுக்கு ‘எனக்கு நீந்தத் தெரியாது’ என்ற தன்மைக் கூற்றால் மறுமொழி சொல்ல இயலாத ஓரிடத்திலேயே அவ்விறப்பு நிகழ்ந்தது.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. இயூஜீன் ஸ்லெட்ஜ் இரண்டாம் உலகப் போரில் பெலெலியூ, ஒக்கினாவா ஆகிய தீவுகளில் போரிட்ட மரைன். 1981இல் வெளிவந்த ‘வித் த ஓல்ட் பிறீட்’ என்ற அவரது நினைவுநூல் போரை எவ்விதத்திலும் புகழாதது. எனினும் தமது பயிற்சியை அவர் பழிக்கவில்லை. அதன் கடுமையே பின்னர் தம்மை உயிர்காத்தது என்கிறார். இதனை நாம் நேர்மையுடன் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் அந்நூல் எவ்வாறு உருவாகியது என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும். படையினர் நாட்குறிப்பு வைத்திருக்கத் தடையிருந்தது. அவர் தம் சட்டைப்பையிலிருந்த சிறிய புதிய ஏற்பாட்டு நூலின் பக்கங்களில் இரகசியமாகக் குறிப்புகள் எழுதி வைத்தார். பறிக்கப்பட்ட தன்மை ஒருமை அவ்விடத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகளின் பின்னர், உயிரியற் பேராசிரியராக இருந்த காலத்தில் அவர் அதனை வெளியே எடுத்தார்.

5

நமது மொழியில் இவ்வாறு ‘நான்’ மீண்டு வந்த இடங்கள் எவை?

முதலிற் குறிப்பிட வேண்டியது 1985இல் வெளிவந்த கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’. தமிழ்நாட்டிலிருந்த இயக்கப் பயிற்சி முகாம்களுக்குள் நடந்தவற்றை, அங்கிருந்து வெளியேறியோரின் சார்பில் எழுதிய நாவல் இது. விடுதலைக்கெனச் சென்ற இளைஞர்கள் தம் இயக்கத்தவராலேயே சந்தேகிக்கப்பட்டு, சித்திரவதைக்குட்பட்டுக் கொல்லப்பட்டதை இது பதிவு செய்தது. கலைநுட்பக் குறைகள் இதில் உண்டு. அரசியல் விவாதங்கள் சில இடங்களில் பாத்திரங்களை மூடிவிடுகின்றன. ஆயினும் அச்சமூட்டும் இடம் பகைவனின் முகாம் மட்டுமன்று, நமது முகாமும் ஆகலாம் என்பதைப் போர் முதிருமுன்னரே சொன்ன துணிவு அதற்குரியது.

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ 2001இல் வெளிவந்தது. கொரில்லா என்பது ஊரில் அடாவடித்தனம் செய்யும் தந்தையின் பட்டப்பெயர். அது மகனையும் தொடர்கிறது. அம்மகனே பின்னர் இயக்கத்திற் சேர்கிறான். குரங்கினத்தைக் குறிக்கும் சொல்லும் கரந்தடிப் படையினனைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுவதை நாவலாசிரியர் நன்கு பயன்படுத்துகிறார். அதனினும் முக்கியமானது நாவல் தொடங்கும் வடிவம். பிரான்சில் அகதித் தஞ்சம் கோருவோன் அதிகாரிகளுக்கு எழுதும் விண்ணப்பமாக அது தொடங்குகிறது. முகாமில் ‘நான்’ எனக் கூற இடமில்லாதிருந்தவனுக்கு இப்போது ‘நான்’ என்று எழுதும் கட்டாயம் ஏற்படுகிறது. ஆனால் ஒரு மனுதாரனாக. தன் கதையைச் சொல்லும் உரிமை கிடைக்கிறது. அதை நம்புவதும் நம்பாததும் அதிகாரியின் கையில் இருக்கிறது.

போர் 2009இல் முடிந்த பின்னர் வெளிவந்த குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’ பயிற்சி முகாமையே களமாகக் கொண்டது. தமிழில் இவ்வகையில் இதுவே மிக நெருக்கமான சித்திரம் எனலாம். உடல் வலியும் பசியும் தண்டனையும் இதில் உண்டு. அவற்றுடன் பயிற்சி பெறுவோரிடையே வளரும் தோழமையும் உண்டு. சுகுமார் என்ற இளைஞன் கொண்டுவரும் வீட்டு வறுமையும் அவனுடைய அக்காவின் நினைவும் நாவலின் உயிர். முகாம் அவனுடைய ‘முன்பை’ அழிக்க முயல்கிறது; அவனோ இரவில் தோழனிடம் அதனை மீண்டும் மீண்டும் சொல்கிறான். சோலைக்கிளியின் சிசுவிடம் இல்லாதது எதுவோ, அதுவே சுகுமாரிடம் நிறைந்திருக்கிறது. ஆகவேதான் அவன் மரணம் படர்க்கையில் எண்ணப்படும் ஒரு தொகையாக நம்மைத் தொடவில்லை. ஓர் அக்காவின் தம்பி இல்லாமற் போனதாகத் தொடுகிறது.

மலரவனின் ‘போர் உலா’வும், தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ என்ற நினைவுநூலும் இவ்வரிசையில் வைத்து ஒப்பிடத்தக்கவை. முன்னது போராட்டத்தின் மேல் முழு நம்பிக்கையுடன் களத்திலிருந்து எழுதப்பட்டது. பின்னது எல்லாம் முடிந்தபின், 2016இல், ஆசிரியரின் மறைவுக்குப் பின்னர் வெளிவந்தது. இரண்டிலும் ‘நான்’ இருக்கிறது. முன்னதில் அது ‘நாங்கள்’ என்பதனுள் மகிழ்ச்சியோடு கரைகிறது. பின்னதில் அந்த ‘நாங்கள்’ சொன்ன ஒவ்வொன்றையும் திரும்பிப் பார்த்து விசாரிக்கிறது.

6

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். பயிற்சியைச் சித்திரிப்பதே அதற்குக் கவர்ச்சியூட்டாதா? இது புறக்கணிக்கத்தக்க மறுப்பன்று. குப்ரிக்கின் படத்தில் சார்ஜன்டாக நடித்த லீ எர்மி முன்னர் மெய்யாகவே மரைன் பயிற்சியாளராக இருந்தவர். அவருடைய வசைமொழிகளை மரைன்களே மனப்பாடம் செய்து மகிழ்ந்தனர். கண்டனமாக எடுக்கப்பட்ட காட்சி கொண்டாட்டமாக நுகரப்பட்டது. ‘நஞ்சுண்டகாட்டின்’ தோழமையும் சில வாசகரிடம் ஏக்கத்தை எழுப்பக்கூடும்.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனின், பயிற்சியைக் காட்டுவது மட்டும் போதாது என்பதே. பயிற்சியாளனின் குரல் ஓங்கி ஒலித்து, பயிற்சி பெறுவோனின் முன்னைய வாழ்வு மங்கிப்போகும் படைப்பு, தான் எதிர்க்க நினைத்ததற்கே ஆள் சேர்த்துக் கொடுக்கும். ஒரு படைப்பை மதிப்பிட நாம் கேட்கவேண்டிய கேள்வி இது: ஏவல்களுக்கு நடுவே அவனுடைய ‘நான்’ எங்காவது கேட்கிறதா? குப்ரிக்கின் படத்தில் அது அரிதாகவே கேட்கிறது. ஸ்லெட்ஜின் நூலிலும் சுகுமாரின் இரவுப் பேச்சிலும் தெளிவாகக் கேட்கிறது.

இந்த அளவுகோலை நமது கரைக்குக் கொண்டுவந்தால் நிலைமை கவலைக்குரியது. மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஊடாகப் பொத்துவில் வரை நீளும் இக்கரையின் இளைஞர்கள் போர்க்காலத்தில் பல கைகளால் பயிற்றப்பட்டனர். 1980களில் முஸ்லிம் இளைஞர் சிலர் தமிழ் இயக்கங்களிற் சேர்ந்து பயிற்சி பெற்றனர். 1989இல், இந்திய அமைதி காக்கும் படை நிலைகொண்டிருந்த காலத்தில், தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் உருவாக்கப்பட்ட படைக்குக் கிழக்கின் தமிழ் இளைஞர்கள் கட்டாயமாகப் பிடிக்கப்பட்டு, குறுகிய பயிற்சியுடன் துவக்குக் கொடுத்து நிறுத்தப்பட்டனர். அவ்வாண்டின் இறுதியில் இந்தியப் படை அம்பாறையை விட்டு விலகியபோது அவர்களிற் பலர் கொல்லப்பட்டனர். முஸ்லிம் ஊர்களிலும் சிங்கள ஊர்களிலும் அரசு ஊர்காவற்படையினரை அமர்த்தியது. அவர்கள் 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டனர். ஒரே கரையில், அடுத்தடுத்த ஊர்களில், ஒருவரையொருவர் அஞ்சுவதற்குப் பலரும் பழக்கப்பட்டனர்.

1990 யூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்களிற் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இவை பற்றி நம்மிடம் இரங்கற் கவிதைகள் உள, கண்டனங்கள் உள, அவை வேண்டியனவே. ஆனால் சுஜூதில் இருந்தவனின் முதுகை நோக்கித் துவக்கை நீட்டிய இளைஞன் எந்தக் காட்டில், எந்தச் சொற்களால், எத்தனை நாளில் அவ்வாறு ஆக்கப்பட்டான் என்று கேட்கும் நாவல் இக்கரையிலிருந்து எழவில்லை. அவனைப் பிறவிக் கொலைஞன் என்று சொல்வது எளிது. அது காவற்பெண்டின் புலிக்குகையை மறுபுறமாகத் திருப்பிப் பார்ப்பதேயன்றி வேறில்லை. வீரனும் பிறப்பதில்லை; கொலைஞனும் பிறப்பதில்லை. இருவரையும் ஆக்கும் வேலை ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதே நம்மை உறுத்த வேண்டியது.

அவ்வாறே, இயக்க முகாமில் தமிழ்த் தோழருடன் ஒரே பாயில் உறங்கி, பின்னர் 1990இன் செய்திகளைக் கேட்க நேர்ந்த முஸ்லிம் இளைஞனின் குரல் மேலே கூறிய நாவல்களின் மையத்துக்கு வரவில்லை. இரவுக் காவலுக்குப் போன ஊர்காவற்படையினனும் பாத்திரமாகவில்லை. அவன் பகலில் வயலிலும் கடலிலும் வேலை செய்தவன். அவர்களிற் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். கடைகளிலும் வயல்களிலும் தோணிகளிலும் அவர்களை நாம் அன்றாடம் காண்கிறோம். அவர்களுக்கு வயதாகி வருகிறது. அவர்கள் தாமாக எழுதமாட்டார்கள். எழுதப் பழகியவர்கள் நாம். அவர்கள் பயிற்றப்பட்டபோது இருந்த வயதே இன்று இவ்விதழை வாசிக்கும் மாணவர் பலரின் வயது.

எம்.ஏ. நுஃமான் 1981இல் பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழாக்கித் தந்தபோது, வேறொரு கடற்கரை மக்களின் துயரைக் கல்முனைக்குடியிலிருந்து கேட்க முடியும் என்பதைக் காட்டினார். தூரத்துக் குரலைக் கேட்கத் தெரிந்த நமது எழுத்து, அடுத்த வீட்டு ஊர்காவற்படையினனின் குரலையும் கேட்க வல்லது என்பதில் ஐயமில்லை. அவனை வீரன் என்றோ துரோகி என்றோ தீர்ப்பிடுமுன், ‘அந்த முதல் நாள் உங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?’ என்று கேட்பதே நாவலாசிரியனின் வேலை; ஆய்வு மாணவனின் வேலையும் அதுவே. அக்கேள்விக்கு அவன் ‘நான்’ என்று தொடங்கி மறுமொழி சொல்வானாயின், புறநானூறு சொல்லாது விட்ட பகுதியைத் தமிழ் எழுதத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.